பவர் இருப்பது காற்றில்

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தியதும் வருகிற கேள்வி நமக்குப் பழகிப்போனது. "நார்மலா, பவரா அண்ணே?" லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தால் பவர். மனமில்லாதவருக்கு நார்மல். புது பைக் எடுத்த பையன் முதல் மாதம் முழுக்க பவர்தான் போடுவான். வண்டிக்கு ஏதோ சத்துணவு கொடுத்த நிறைவு அவனுக்கு. ஏழெட்டு வருடம் ஓடிய ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டால் மெக்கானிக் யோசனை சொல்வார்: "ஒரு தடவ பவர் போட்டுப் பாருங்க சார், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்." ஆக்டேன் எண் 91-ஐ விட 95 வலுவானது, 95-ஐ விட 100 வலுவானது, எண் ஏற ஏற இழுவை ஏறும், மைலேஜ் ஏறும், இன்ஜினின் ஆயுள் ஏறும். இதைச் சந்தேகப்படுகிற ஆளைப் பார்ப்பது அரிது. மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் விளக்கக் குறிப்பிலேயே இந்த நம்பிக்கையின் வாடை அடிக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த நம்பிக்கை தவறு. கொஞ்சம் மிகை, பாதி உண்மை என்று தணித்துச் சொல்லவும் இடமில்லை. ஆக்டேன் எண் ஒரு எரிபொருளில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை அளப்பதே இல்லை. அது அளப்பது முற்றிலும் வேறொன்றை. நூறுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் கண்டால் அதை மதிப்பெண்ணாகப் படித்துப் பழகிய சமூகம் நாம். 91 வாங்கிய பெட்ரோலைவிட 95 வாங்கியது கெட்டிக்காரப் பெட்ரோல் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். விற்பவர் நம்மைத் திருத்துவதில்லை. அவர் ஏன் திருத்த வேண்டும்?

ஆதாரத்துக்குத் தொலைவு போக வேண்டாம். ஆக்டேன் அளவுகோலின் இரு முனைகளையும் எடுத்துக்கொள்வோம். 100 என்ற இடத்தில் இருப்பது ஐசோ ஆக்டேன். 0 என்ற இடத்தில் இருப்பது நேர்ச்சங்கிலி ஹெப்டேன். ஒரு கிலோ ஐசோ ஆக்டேனை எரித்தால் சுமார் 44.3 மெகா ஜூல் வெப்பம் வரும். ஒரு கிலோ ஹெப்டேனை எரித்தால் சுமார் 44.6. பூஜ்ஜியம்தான் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது! லிட்டர் கணக்குக்கு மாற்றினால், அடர்த்தி சற்றுக் கூடிய ஐசோ ஆக்டேன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக முந்தும். ஆக, அளவுகோலின் அடியிலிருந்து உச்சி வரை ஏறினாலும் ஆற்றலில் வித்தியாசம் இவ்வளவுதான். அப்படியிருக்க, 91-லிருந்து 95-க்கு நாலு படி ஏறினால் வண்டி பிய்த்துக்கொண்டு போக எங்கிருந்து ஆற்றல் வரும்?

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பெட்ரோல் வண்டியின் இழுவையைத் தீர்மானிப்பது பெட்ரோலே இல்லை, காற்று. இன்ஜின் அடிப்படையில் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒரு பம்ப். எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அதற்கு ஏற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ காற்றைச் செலவிட்டு எரிக்கும்போது என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெப்டேனுக்குச் சுமார் 2.94 மெகா ஜூல். ஐசோ ஆக்டேனுக்கு 2.93. ஆக்டேன் எண்ணில் இரண்டையும் தாண்டிய டொலுயீனுக்கு 3.0. எத்தனாலுக்கும் கிட்டத்தட்ட அதே 3.0. எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. ஒரே சிலிண்டர், ஒரே அளவு காற்று, ஒரே அமுக்கம் என்றால் எந்தப் பெட்ரோலை ஊற்றினாலும் வெளிவரும் திறன் ஏறத்தாழ ஒன்றே. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது நீங்கள் முதலில் திறப்பது காற்றின் வழியைத்தான். பெட்ரோல் அதன் பின்னால் வருகிறது.

அப்படியானால் அந்த எண் எதற்கு? அதன் கதை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் செய்தவர்களைத் தூங்கவிடாமல் செய்த நோய் ஒன்று உண்டு. பளு ஏறும்போது இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். நம் மெக்கானிக்குகள் இன்றும் அதை நாக்கிங் என்றே சொல்கிறார்கள். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ, சிலிண்டருக்குள் சீராகப் பரவி வர வேண்டும். அந்தத் தீ வந்து சேரும் முன்பே, மூலையில் ஒதுங்கி நிற்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால் அழுத்த அலைகள் சுவரில் மோதும். அதுதான் அந்தச் சத்தம். அளவு மீறினால் பிஸ்டனே ஓட்டையாகும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடித்த பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று முதலில் பழி போட்டார்கள். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும், கெட்டரிங்கிடம் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லியும் குற்றவாளி எரிபொருள்தான் என்று காட்டினார்கள்.

மிட்ஜ்லியின் ஒரு சோதனையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் அது வெப்பக் கதிரை உறிஞ்சி முன்கூட்டியே ஆவியாகும், நாக்கிங் நிற்கும் என்று அவர் ஊகித்தார். கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தார். நாக்கிங் நின்றது! மற்றச் சிவப்புச் சாயங்களையும் கலந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது நிறம் இல்லை, அயோடின். ஊகம் பொய்த்தபோது அதைக் கைவிடத் தெரிந்த மனிதர். நிறத்தையும் பெயரையும் பார்த்துப் பெட்ரோலை எடைபோடும் நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

நாக்கிங்கை அளக்க ஒரு கோல் தேவைப்பட்டது. 1926-ஐ ஒட்டி கிரஹாம் எட்கர் என்ற வேதியியலர் அதைக் கொடுத்தார். எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0. அது கலிஃபோர்னியாவின் ஜெஃப்ரி பைன் மரப் பிசினிலிருந்து ஏறக்குறையச் சுத்தமாகவே கிடைத்தது. எளிதில் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100. சோதிக்க வேண்டிய பெட்ரோலை, கலவையை அமுக்கும் அளவை, அதாவது அமுக்க விகிதத்தை, ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் ஓட்டுவார்கள். அது எந்த அளவு நாக் அடிக்கிறதோ, அதே அளவு நாக் அடிக்கும் ஐசோ ஆக்டேன், ஹெப்டேன் கலவையைத் தேடுவார்கள். 91 விழுக்காடு ஐசோ ஆக்டேன் கலந்த கலவை ஒத்துப்போனால் அந்தப் பெட்ரோலின் எண் 91. இவ்வளவுதான் சங்கதி. இந்தச் சோதனையில் எங்கேயும் ஆற்றலை யாரும் அளக்கவில்லை. இழுவையை அளக்கவில்லை. எண் சொல்வது ஒன்றே ஒன்று: அழுத்தினால் எவ்வளவு தூரம் தானாகப் பற்றாமல் பொறுத்துக்கொள்ளும்.

அந்த எண்ணும் ஒன்றாக இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதே இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டினால் ஓர் எண் வரும். 900 சுற்றில், கலவையை இன்னும் சூடாக்கி ஓட்டினால் வேறொன்று வரும், பெரும்பாலும் எட்டுப் பத்துக் குறைவாக. இந்தியப் பங்குகளில் சொல்வது முதல் எண்ணை. அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருப்பது இரண்டின் சராசரி. அங்கே 87 என்று பார்த்துவிட்டு வந்து "நம்ம ஊர் 91 அதைவிட உசத்தி" என்று பெருமைப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே 87 என்பது நம் கணக்கில் 91-க்கு அருகில்தான் வரும்.

ஒரு மூலக்கூறு ஏன் பொறுக்கிறது, இன்னொன்று ஏன் பொறுப்பதில்லை என்பதில்தான் பெட்ரோலின் வேதியியலே அடங்கியிருக்கிறது. ஹெப்டேன் ஏழு கார்பன்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. சூடு ஏறும்போது அதன் நடுவில் ஓர் ஆக்ஸிஜன் இணை வந்து ஒட்டிக்கொள்ளும். சங்கிலி நெளியக்கூடியது, எனவே அந்த ஆக்ஸிஜன் வளைந்து வந்து, அதே சங்கிலியின் சற்றுத் தள்ளிய கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் இன்னோர் ஆக்ஸிஜன் இணை ஒட்டும். இப்படி உண்டாகும் பெராக்சைடு சிதறும்போது ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக வினைத்துடிப்புள்ள துண்டுகள் பிறக்கும். துண்டுகள் பெருகப் பெருகக் கலவை தானே பற்றும். ஐசோ ஆக்டேனும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஆனால் அது கிளைகள் நிறைந்த குட்டையான மூலக்கூறு. ஆக்ஸிஜன் வளைந்து எட்டும் தூரத்தில் இருப்பவை பெரும்பாலும் எளிதில் பிய்க்க முடியாத ஹைட்ரஜன்கள். வினைச்சங்கிலி தொடங்கவே திணறும். வளைய வடிவ நறுமணச் சேர்மங்களான டொலுயீனும் சைலீனும் அதைவிடவும் பிடிவாதம் பிடித்தவை. கிளையில்லாத, எட்டுக் கார்பன் நேர்ச்சங்கிலி ஆக்டேனுக்கோ எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

கவனியுங்கள், இந்த வித்தியாசம் எல்லாம் கட்டமைப்பின் வித்தியாசம். எரிந்து முடிந்த பிறகு கையில் வருவது அதே கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் என்பதால் வெப்பத்தின் கணக்கு பெரிதாக மாறாது. இதே ஹெப்டேன், ஸ்பார்க் பிளக் இல்லாத டீசல் இன்ஜினில் நன்றாகவே எரியும், ஏனென்றால் அங்கே தானாகப் பற்ற வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஓர் இன்ஜினில் குற்றமாக இருப்பது இன்னோர் இன்ஜினில் தகுதி. ஆக்டேன் எண்ணை உயர்ந்தது தாழ்ந்தது என்ற ஏணியாகப் பார்ப்பதன் அபத்தம் இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

இன்னும் நம்பாதவருக்கு ஈயத்தின் கதை இருக்கிறது. 1921 டிசம்பர் 9 அன்று மிட்ஜ்லியின் குழு டெட்ரா எத்தில் ஈயத்தைச் சோதித்தது. லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயம் ஆக்டேன் எண்ணைப் பல படிகள் ஏற்றியது. ஒரு கிராம் ஈயத்தில் என்ன ஆற்றல் இருக்க முடியும்? ஒன்றுமில்லை. சூட்டில் சிதறும் ஈய ஆக்சைடுத் துகள்கள் அந்த வினைத்துடிப்புள்ள துண்டுகளைப் பிடித்து அடக்கின, அவ்வளவுதான். எண் ஏறியது, ஆற்றல் அசையவில்லை. அந்த எண்ணுக்காக உலகம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1924-ல் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் தெருப்புழுதியிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் ஏறிக்கொண்டே இருந்தது. இந்தியா முழுதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்தான் நிறுத்தியது. ஈயம் போன இடத்தை நிரப்ப வந்தவற்றில் நறுமணச் சேர்மங்கள் முக்கியமானவை. அவற்றில் பென்சீன் புற்றுநோய் தருவது. அதனால்தான் இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோலில் பென்சீனுக்கு ஒரு விழுக்காடு, நறுமணச் சேர்மங்கள் மொத்தத்துக்கும் 35 விழுக்காடு என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஆக்டேன் எண் ஒருபோதும் இலவசமாக வந்ததில்லை.

இங்கே எதிர்த்தரப்பு தன் பெரிய ஆயுதத்தை எடுக்கும். 1940-ல் பிரிட்டன் வான்போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்கள் 87 ஆக்டேனை விட்டு 100 ஆக்டேனுக்கு மாறின. அவற்றின் மெர்லின் இன்ஜின் சுமார் 1,030 குதிரைத்திறனிலிருந்து 1,300-ஐத் தொட்டது. எண் ஏறினால் வலு ஏறாது என்று எப்படிச் சொல்கிறாய் என்பார்கள். நியாயமான கேள்வி. பதில் அந்த இன்ஜினிலேயே இருக்கிறது. மெர்லினில் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் உண்டு. 87 ஆக்டேனில் அது வளிமண்டலத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டு வரைதான் திணிக்கலாம். மீறினால் நாக்கிங்கில் இன்ஜின் சிதறும். 100 ஆக்டேன் வந்ததும் பொறியாளர்கள் அந்தக் கட்டுப்பாட்டை மாற்றியமைத்து 12 பவுண்டு வரை திணிக்க விட்டார்கள். கூடுதல் காற்று, அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோல், கூடுதல் குதிரைத்திறன். கட்டுப்பாட்டில் கை வைக்காமல் வெறுமனே 100 ஆக்டேனை ஊற்றியிருந்தால், பழைய 1,030-லேயே அது ஓடியிருக்கும். ஆக்டேன் அங்கே அனுமதி கொடுத்தது. வேலையைச் செய்தது காற்று.

இதே நியாயம் நம் ஊர்க் காருக்கும் பொருந்தும். நான் மறுப்பது எண்ணின் பயனை இல்லை, அதன் மேல் ஏற்றிவைத்த மந்திர சக்தியை. அமுக்க விகிதம் கூடிய இன்ஜினுக்கு, டர்போ பொருத்திய சிறிய இன்ஜினுக்கு உயர் ஆக்டேன் தேவைப்படலாம். கையேட்டில் 95 என்று போட்டிருந்தால் 95 போடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்த இன்ஜின்களில் நாக்கிங்கைக் கேட்டறியும் உணரி இருக்கும். குறைந்த ஆக்டேன் போட்டால் அது ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை சற்றுக் குறையும். உரிய ஆக்டேன் போட்டால் இழந்தது திரும்பக் கிடைக்கும். ஆனால் நம் தெருக்களை நிறைத்திருப்பவை நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து சிசி பைக்குகளும் ஸ்கூட்டர்களும். அமுக்க விகிதம் ஒன்பது, பத்து என்ற அளவில். பெரும்பாலானவற்றில் நாக் உணரி கிடையாது. சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்து, ஸ்பார்க் நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே எழுதிவைத்த இன்ஜின்கள் அவை. டேங்கில் 91 இருக்கிறதா 100 இருக்கிறதா என்று அந்த இன்ஜினுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. தெரியாத ஒன்றுக்கு அது எப்படி மாறுதலாக நடந்துகொள்ளும்?

"அதெல்லாம் சரி, போட்டுப் பார்த்தேன், பிக்கப் தெரிஞ்சுது" என்பவரிடம் என்ன சொல்வது? காசு கூடக் கொடுத்தவரின் கை ஆக்ஸிலேட்டரில் கொஞ்சம் தாராளமாகத் திருகும். அதோடு டயரில் காற்று, எதிர்க்காற்று, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் எடை என்று ஆயிரம் மாறிகள். ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, பிஸ்டன் தலையில் கரி படிந்த பழைய இன்ஜினில் அமுக்கமும் சூடும் கூடி நாக்கிங் வருவதுண்டு. அங்கே உயர் ஆக்டேன் சத்தத்தை அடக்கும். அது வலி மாத்திரை, நோய் கரி. கரியை எடுப்பதுதான் வைத்தியம்.

"சுத்தமா எரியும்" என்பது இன்னொரு வாதம். ஒழுங்காக இருக்கும் இன்ஜினில் உள்ளே போன பெட்ரோலில் மிகச் சிறிய பங்கைத் தவிர எல்லாம் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது; எரியாமல் தப்புவதைப் புகைக்குழாயிலிருக்கும் வினையூக்கி மாற்றி பார்த்துக்கொள்கிறது. எரிய மிச்சமே இல்லாத இடத்தில் இன்னும் சுத்தமாக எரிய என்ன இருக்கிறது? பிரீமியம் பெட்ரோலில் வால்வையும் இன்ஜெக்டரையும் கழுவும் சேர்க்கைப்பொருள் கூடுதலாகக் கலக்கிறார்கள் என்பது உண்மை. அது பயனுள்ளதும்கூட. ஆனால் அது சோப்பு வேலை, ஆக்டேன் வேலை இல்லை. 91-லும் அதைக் கலக்கலாம். சோப்பை விற்க எண்ணைக் காட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வியாபாரத்துக்கு ஒருமுறை கடிவாளம் விழுந்தது. தன் 93 ஆக்டேன் பெட்ரோல் பராமரிப்புச் செலவைக் குறைக்கும் என்று எக்ஸான் விளம்பரம் செய்தது. ஆதாரம் எங்கே என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 1996-ல் வழக்குக்குப் போனது. அடுத்த ஆண்டு சமரசம். பெரும்பாலான கார்கள் சாதாரண ஆக்டேனிலேயே சரியாக ஓடும் என்று மக்களுக்குச் சொல்லும் விளம்பரத்தை எக்ஸானே வெளியிட வேண்டியதாயிற்று. நம் ஊரில் அப்படியொரு விளம்பரம் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நமக்கு விளம்பரமே பங்கில் நிற்கும் பையன் வாயால் வருகிறது. அவனைக் குறை சொல்வதில் பொருளில்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிறான்.

இனி அமைச்சகம். 2025 ஆகஸ்டில், இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் மைலேஜைக் குறைக்கிறது என்ற கூச்சல் எழுந்தபோது பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108.5, பெட்ரோலினுடையது 84.4 என்று அதில் எடுத்துக்காட்டினார்கள். இருபது விழுக்காட்டுக் கலப்பால் சாதாரணப் பெட்ரோலின் எண் 95-க்கு உயர்ந்துவிட்டது, செயல்திறன் கூடுகிறது என்றும் சொன்னார்கள். எண்கள் சரியாகவே இருக்கட்டும். அவற்றை மைலேஜ் கேள்விக்குப் பதிலாக நீட்டியதுதான் பிழை. மைலேஜ் ஆற்றலைச் சார்ந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகா ஜூல். ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ 21, காரணம் எத்தனால் மூலக்கூறில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதாவது அது பாதி எரிந்து வந்த எரிபொருள். ஐந்தில் ஒரு பங்கு அதைக் கலந்தால் லிட்டருக்கு ஆறு முதல் ஏழு விழுக்காடு ஆற்றல் குறையும். இது நாலாம் வகுப்புக் கணக்கு. ஆக்டேன் 108.5 என்ன, 200 ஆனாலும் இந்தக் குறைவை ஈடுகட்டாது. உயர் ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள அமுக்க விகிதத்தைக் கூட்டிச் செய்த இன்ஜின் இருந்தால் இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம். எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும் என்பதும் அந்த வகை இன்ஜினுக்கு உதவும். 2015-ல் வாங்கிய பைக்குக்கு இதில் எதுவும் பொருந்தாது.

அரசுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் வழிகாட்டித் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது: எத்தனாலற்ற பெட்ரோலுக்கென வடிவமைத்து, பத்து விழுக்காட்டுக் கலப்புக்குச் சீர்செய்த நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையும், அதே வகை இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4. கணக்கு நேர்மையாகவே போடப்பட்டிருந்தது. மக்கள் கேள்வி கேட்டபோதுதான் கணக்கு பின்னால் போய் ஆக்டேன் முன்னால் வந்தது. எத்தனால் கலப்புக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். அந்நியச் செலாவணி, கரும்பு விவசாயி, புகை. அவற்றைத் தனியே வாதிடுங்கள். எத்தனால் ஊற்றினால் இன்ஜின் உருகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களோடும் நான் சேரவில்லை. என் சண்டை ஒன்றே: பொறுமையை அளக்கும் எண்ணைக் கொண்டு ஆற்றல் பற்றிய கேள்வியின் வாயை அடைக்காதீர்கள்.

அமைச்சகத்தின் கூற்றில் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. சாதாரணப் பெட்ரோலே இப்போது 95 என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் பக்கத்துக் குழாயில் 95 என்ற எண்ணுக்காகவே கூடுதல் விலை வைத்து விற்பது எதை? ஒன்று, சாதாரணத்தில் 95 இல்லை. அல்லது, பிரீமியத்தில் அந்த எண்ணுக்கு விலை இல்லை. சாதாரணமும் 95, பிரீமியத்தின் கூடுதல் விலையும் 95-க்கே என்ற இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. 84.4 என்ற எண்ணும் யோசிக்க வைக்கிறது. எத்தனால் பின்னால் வந்து தூக்கிவிடும் என்று தெரிந்தால், சுத்திகரிப்பு ஆலை தன் அடிப்படைப் பெட்ரோலின் ஆக்டேனை ஏற்றப் பாடுபட வேண்டியதில்லை. ரிஃபார்மர் என்ற அலகில் நாப்தா என்ற எண்ணெய்ப் பங்கைச் சூடேற்றி நறுமண வளையங்களாக மாற்றும் செலவு அந்த அளவுக்கு மிச்சம். எத்தனாலின் ஆக்டேனால் உண்மையாகவே லாபம் பெறுகிறவர் யார் என்ற கேள்விக்கு வண்டி ஓட்டுகிறவர் முதல் விடையாக வரமாட்டார்.

பெட்ரோலின் தரம் என்பது ஓர் எண்ணில் அடங்குவதே இல்லை. நான்கு கார்பனிலிருந்து பன்னிரண்டு கார்பன் வரையிலான பல நூறு சேர்மங்களின் கலவை அது. ஏறத்தாழ 30 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி 210-க்குள் முழுதும் ஆவியாகும். குளிர்காலக் காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்புவது எளிதில் ஆவியாகும் பங்கைப் பொறுத்தது. மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் பிசுபிசுத்துப்போவது அதிலுள்ள ஓலிஃபின் என்ற வகைச் சேர்மங்கள் காற்றோடு வினைபுரிவதால். நம் தர விதிகள் அடர்த்திக்கு ஒரு கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இடம் தருகின்றன; அந்த அகலத்துக்குள் லிட்டருக்கான ஆற்றல் ஓரளவு ஏறியிறங்கும், அதுவும் 91-க்கும் 95-க்கும் உள்ள எண் வித்தியாசத்தோடு சம்பந்தமே இல்லாமல். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் விழும், கரி படியும், நாக்கிங் வரும். பவர் போட்டால் சரியாகிறது என்று மகிழ்கிற சிலரின் வண்டியில் உண்மையில் நடந்தது முந்தைய பங்கின் கலப்படமாகவும் இருக்கலாம். பங்கில் அடர்த்தியைப் பார்க்கக் கேட்கலாம், வடிதாள் சோதனை கேட்கலாம், ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். இவை வாடிக்கையாளரின் உரிமை. அவற்றைக் கேட்கிறவர் எத்தனை பேர்? "நார்மலா, பவரா" என்பதற்கு விடை சொல்வதோடு நம் நுகர்வோர் விழிப்புணர்வு முடிந்துவிடுகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். எண்ணெய் நிறுவனங்களிடம் ஆராய்ச்சிக்கூடங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. தமிழ்நாட்டில் அதிகம் ஓடும் ஒரு 110 சிசி ஸ்கூட்டரையும் ஒரு 125 சிசி பைக்கையும் இழுவையை அளக்கும் டைனமோமீட்டரில் ஏற்றட்டும். முதலில் சாதாரணப் பெட்ரோல், பிறகு 95, பிறகு சாதாரணத்தைப் போல ஒன்றரை மடங்கு விலை சொல்லும் 100. எது எந்த டேங்கில் இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது. குதிரைத்திறன், ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம், இரண்டையும் அப்படியே வெளியிடட்டும். 95 குழாய்க்கு மேலே அந்த முடிவை ஒட்டிவைக்க நிறுவனங்கள் சம்மதித்தால், கூடுதல் காசு கொடுக்கலாமா வேண்டாமா என்பதை வரிசையில் நிற்பவரே முடிவு செய்துகொள்வார்.